ராஸ்பெரி பை 4-க்கு அச்சிட்ட பெட்டி: எங்கே பிளப்பது, எவ்வளவு இடம் விடுவது

ராஸ்பெரி பை 4 போன்ற சின்னக் கணினிக்கு 3டி பிரிண்டரில் பெட்டி அச்சிடும்போது அச்சு கெட்டுப்போய்த் தோற்பது குறைவு. அச்சு அருமையாக வந்திருக்கும், போர்டு உள்ளே போகாது. காரணம் எளிது. ராஸ்பெரி பை 4-இன் போர்டு அளவு 85 × 56 மி.மீ. என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கும். ஆனால் அதிலிருக்கும் இணைப்புகள் அந்தச் செவ்வகத்துக்குள் அடங்குவதில்லை. யு.எஸ்.பி., ஈதர்நெட் பக்கம் ஏறக்குறைய 3 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆடியோ ஜாக் 2.5 மி.மீ. அளவுக்கு நீளும், யு.எஸ்.பி.-சி மற்றும் எச்.டி.எம்.ஐ. சாக்கெட்டுகள் ஒரு மி.மீ. சொச்சம். எதிர்ப்பக்கம் மைக்ரோ எஸ்.டி. கார்டு 2 மி.மீ. எட்டிப் பார்க்கும். நாலு பக்கமும் சுவர் எழுப்பி, அதில் ஜன்னல் வெட்டி, போர்டை மேலிருந்து இறக்கப் பார்த்தால் அது இறங்காது. சாய்த்து நுழைக்கலாம், அப்படி நுழைக்கும்போது கார்டை எடுக்க மறந்தால் கார்டின் விளிம்பு சுவரில் முட்டி நெம்பும், கார்டு இரண்டாகும்.

ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது பெட்டியை எந்த உயரத்தில் பிளப்பது என்பதைத்தான். இந்தப் பெட்டியில் போர்டின் மேல்பரப்பு எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதே மட்டத்தில் பிளவு: கீழே தட்டு, மேலே மூடி. இணைப்புகள் எல்லாம் போர்டின் மேல்முகத்தில் உட்கார்ந்திருப்பதால் அவற்றுக்கான ஜன்னல்கள் மொத்தமும் மூடிக்குப் போய்விடுகின்றன. மூடியின் சுவரில் அவை கீழ்ப்பக்கம் திறந்த வெட்டுகளாக இருக்கும். போர்டு நேராகத் தட்டில் இறங்கும், மூடி நேராக மேலே இறங்கும். மூடியைக் கவிழ்த்து அச்சிடுவதால் அந்த வெட்டுகள் மேல்நோக்கித் திறந்திருக்கும். சப்போர்ட், அதாவது அந்தரத்தில் வரும் பகுதிக்கு அச்சிடும் முட்டு, எங்குமே தேவையில்லை. ஒரே முடிவில் இரண்டு தலைவலி தீர்கிறது.

அளவு எடுப்பது

யு.எஸ்.பி.-சி சாக்கெட்டும் எஸ்.டி. கார்டும் சேரும் மூலையைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்வது வசதி. ஸ்க்ரூ துளைகள் நாலும் விளிம்பிலிருந்து 3.5 மி.மீ. உள்ளே. நீளவாக்கில் 58, அகலவாக்கில் 49 மி.மீ. இடைவெளி. துளையின் விட்டம் 2.7, அதாவது எம் 2.5 ஸ்க்ரூவுக்கு. நீளப் பக்கத்தில் நடுக்கோடுகள்: யு.எஸ்.பி.-சி 11.2, முதல் எச்.டி.எம்.ஐ. 26, இரண்டாவது 39.5, ஆடியோ ஜாக் 54. அகலப் பக்கத்தில் யு.எஸ்.பி. ஜோடிகள் 9 மற்றும் 27-இல், ஈதர்நெட் 45.75-இல். உயரம் பார்த்தால் யு.எஸ்.பி. அடுக்கு போர்டுக்கு மேல் 16 மி.மீ., ஈதர்நெட் 13.5.

இந்த எண்களை அப்படியே நம்பாமல் வெர்னியர் காலிப்பரால் ஒருமுறை அளப்பது நல்லது. குறிப்பாகப் போர்டின் தடிமன்: 1.4-இலிருந்து 1.6 வரை மாறும். பெட்டி இறுக்கமாக மூடுமா, வாயைப் பிளக்குமா என்பது இந்த 0.2-இல்தான் இருக்கிறது. வரைந்த பிறகு மேலிருந்து பார்க்கும் படத்தைக் காகிதத்தில் 100 சதவீத அளவில் அச்சிட்டு, அதன் மேல் போர்டை வைத்துப் பார்த்தால் துளைகள் தவறியிருப்பது அங்கேயே தெரிந்துவிடும். காகிதத்தை அச்சிடும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தேர்வை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் படம் சில சதவீதம் சுருங்கி, இல்லாத பிழையைத் தேட வைக்கும்.

ஓப்பன்ஸ்கேட் என்ற வரைவு மென்பொருளில் வரைபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் வட்டத்தின் பக்க எண்ணிக்கையைக் குறிப்பிடாமல் விட்டால், சின்ன வட்டங்கள் ஐங்கோணமாகத்தான் வரும். 2.7 மி.மீ. துளை போட்டதாக நினைப்போம். ஐங்கோணத்துக்குள் அடங்கும் வட்டம் 2.18 மி.மீ.தான். ஸ்க்ரூ நுழையாது, பழி பிரிண்டர் மேல் விழும். பக்கங்களை 48 அல்லது 64 என்று கோப்பின் தலையிலேயே வைத்துவிடுவது நல்லது. அதற்குப் பிறகும் அச்சில் துளை 0.2 வரை சுருங்கும். உருகிய இழை வளைவில் திரும்பும்போது உள்பக்கமாக இழுபடுவதே காரணம். எனவே ஸ்க்ரூ தடையில்லாமல் போகவேண்டிய துளைகளை 2.8-ஆக அல்ல, 3.0-ஆக வரைய வேண்டும்.

தட்டும் மூடியும்

போர்டுக்குச் சுற்றிலும் 0.5 மி.மீ. இடம், சுவர் 2 மி.மீ. ஆக உள்ளளவு 86 × 57, வெளியளவு 90 × 61. இந்தக் கணக்கில் சுவரின் வெளிமுகம் போர்டு விளிம்பிலிருந்து 2.5 மி.மீ. தள்ளி நிற்கும், யு.எஸ்.பி. அரை மி.மீ. மட்டும் வெளியே தெரியும், ஆடியோ ஜாக் சமமாக நிற்கும்.

தட்டின் அடி 2 மி.மீ., அதன் மேல் போர்டைத் தாங்கும் கால்கள் 4 மி.மீ. கீழ்ப்பக்கத்தில் ஈய முனைகள் 2 மி.மீ. அளவுக்குத் துருத்துவதால் 3-க்குக் குறைவாக வைப்பது ஆபத்து. காலின் உச்சி விட்டம் 6 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, துளையைச் சுற்றி அதற்கு மேல் காலியிடம் இல்லை. அடியில் 8-ஆக விரிந்தால் உறுதி. போர்டு 1.5 என்று வைத்தால் தட்டின் சுவர் 7.5 மி.மீ. உயரத்தில் முடிகிறது. யு.எஸ்.பி. பக்கம் மட்டும் அதை 1 மி.மீ. தாழ்த்த வேண்டும். அந்த உலோக ஓட்டின் விரிந்த விளிம்பு போர்டு மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே தொங்கும். அதைக் கவனிக்காவிட்டால் போர்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

எஸ்.டி. கார்டுக்குச் சுவரில் மட்டும் பிளவு போட்டால் போதாது, விரல் நுழையாது. அகலப் பக்கத்தின் நடுவில், 28 மி.மீ. கோட்டில், 16 மி.மீ. அகலத்துக்குச் சுவரையும் அடித்தட்டில் 8 மி.மீ. ஆழத்தையும் சேர்த்து வெட்டிவிட்டால் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கார்டை மேலும் கீழுமாகப் பிடிக்கும்.

யு.எஸ்.பி. இரண்டுக்கும் ஈதர்நெட்டுக்கும் தனித்தனி ஜன்னல் வைத்தால் நடுவில் 2.5 மி.மீ. அகலமான இரண்டு குச்சிகள் மிஞ்சும். 16 மி.மீ. உயரம், ஒரு முனை அந்தரத்தில். முதல் முறை மூடியைக் கழற்றும்போதே ஒடிந்துவிடும். பார்க்க அழகு என்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. 1.25-இலிருந்து 54.25 வரை 53 மி.மீ. அகலத்தில் ஒரே ஜன்னலாக, 17 மி.மீ. உயரத்துக்கு வெட்டிவிட்டு, ஈதர்நெட் இருக்கும் இடத்தில் மட்டும் மேல் விளிம்பை 2.5 மி.மீ. இறக்கினால் போதும்.

யு.எஸ்.பி.-சி, எச்.டி.எம்.ஐ. பக்கத்தில் பலரும் சறுக்குவது சாக்கெட்டின் அளவுக்குத் துளை போடுவதில்தான். உள்ளே போகவேண்டிய உலோக முனை சின்னது. அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் தலை 12 மி.மீ. அகலம், 7 மி.மீ. உயரம் இருக்கும். அந்தத் தலை சுவரில் முட்டினால் முனை முழுதாக உட்காராது. வெளியே பார்த்தால் செருகியிருப்பதுபோலவே தெரியும். ஆனால் லேசாக அசைந்தாலே திரையில் மின்னல் குறி (மின்சாரம் போதவில்லை என்ற எச்சரிக்கை) வரும், கணினி தானாக மறுதொடக்கம் ஆகும், பழி அடாப்டர் மேல் போகும். இதற்குச் சுவரின் வெளிமுகத்தில் 4.5-இலிருந்து 46.5 வரை ஒரே நீளப் பள்ளம், 1 மி.மீ. ஆழத்துக்கு. சாக்கெட்டின் நடு உயரம் போர்டுக்கு மேல் 1.6 மி.மீ.தான் என்பதால் 9 மி.மீ. உயரப் பள்ளம் பிளவுக்கோட்டுக்குக் கீழேயும் 3 மி.மீ. வரும், ஆகவே தட்டிலும் மூடியிலும் பகுதி பகுதியாக அதை வெட்ட வேண்டும். இரண்டு எச்.டி.எம்.ஐ.க்கும் இடையே 13.5 மி.மீ.தான் இருக்கிறது. தடித்த தலை உள்ள இரண்டு கேபிள்கள் ஒன்றையொன்று இடிக்கும், அதற்குப் பெட்டியால் எதுவும் செய்ய முடியாது.

நாலு ஸ்க்ரூ, நாலு தூண்

மூடியைப் பூட்டக் கொக்கி வைக்கும் வழக்கம் இருக்கிறது. செங்குத்தாக அச்சிட்ட கொக்கி வளையும்போது விசை லேயர்களைப் பிரிக்கும் திசையில் விழும், அச்சுக்குப் பரவலாகப் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் நாலைந்து முறைக்கு மேல் தாங்காது. இங்கே கொக்கி இல்லை. மூடியிலிருந்து நாலு தூண்கள் போர்டின் நாலு துளைகள் மேல் இறங்குகின்றன. ஸ்க்ரூ தட்டின் அடியிலிருந்து புறப்பட்டு, கால் வழியாக, போர்டு வழியாக, தூணின் நுனியில் பதித்த பித்தளை இன்சர்ட்டில், அதாவது உள்ளே மரை உள்ள சின்னக் குழாயில், போய் முறுகும். போர்டு, தட்டு, மூடி மூன்றையும் ஒரே ஸ்க்ரூ பிடித்துக்கொள்ளும்.

தூணின் விட்டம் 6 மி.மீ., நீளம் 24. விட்டத்தைக் கூட்ட முடியாது: ஒரு முனையில் ஜி.பி.ஐ.ஓ. பின்களின் (வயர் செருகும் ஊசிகள்) வரிசை தூணிலிருந்து அரை மி.மீ. சொச்சத்தில் தொடங்குகிறது, இன்னொரு முனையில் யு.எஸ்.பி.-சி ஓடு அதைவிட நெருக்கம். தூண் மூடியோடு சேரும் அடியில் 2 மி.மீ. வளைவு கொடுத்தால் ஒடியாது.

நீளக் கணக்கு மட்டும் கவனம் கேட்கும். தூண் நீளமாகிவிட்டால் மூடிக்கும் தட்டுக்கும் நடுவே கோடாக இடைவெளி தெரியும். குட்டையாகிவிட்டால் ஸ்க்ரூவை இறுக்க இறுக்கப் போர்டு வளையும், இது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். எனவே வேண்டுமென்றே தூணை 0.2 மி.மீ. நீளமாக விட்டு, பிளவின் இரு விளிம்புகளையும் 0.5 மி.மீ. சாய்வாகச் சீவிவிட வேண்டும். மூடிய பிறகு அது ஒரு கோடு போட்ட வடிவமைப்பாகத்தான் தெரியும். தட்டும் மூடியும் 0.2 தள்ளி உட்கார்ந்தாலும் கண் அதைப் பிடிக்காது.

அடியில் ஸ்க்ரூவின் தலை புதைய 5.4 மி.மீ. விட்டம், 2.2 ஆழத்தில் குழி. மிச்சம் 3.8, போர்டு 1.5, இன்சர்ட் 4, எம் 2.5 × 10 ஸ்க்ரூ சரியாக வரும். தூணில் துளையை 6 மி.மீ. ஆழம் வைக்க வேண்டும், பதிக்கும்போது உருகிய பிளாஸ்டிக் ஒதுங்க இடம் வேண்டுமே. குழி அச்சுப் படுக்கையைப் பார்த்திருப்பதால் அதன் கூரையில் துளை வட்டம் அந்தரத்தில் தொடங்கும், இழை தொங்கிப் போகும். கூரையில் ஒரே ஒரு லேயர், 0.2 மி.மீ., துளையை அடைத்து வரைந்துவிட்டால் பிரிண்டர் அதைப் பிரிட்ஜாக (பாலம்போல) நேர்க்கோட்டில் போட்டுவிடும். அச்சு முடிந்ததும் 3 மி.மீ. டிரில் முனையைக் கையால் சுழற்றினால் அந்தச் சவ்வு போய்விடும்.

காற்று

ஃபேனுக்கு 40 மி.மீ. அளவைத் தேடத் தோன்றும். ஆனால் ப்ராசஸருக்கு மேல் அதை வைத்தால் ஜி.பி.ஐ.ஓ. பின்களில் செருகிய ஜம்பர் வயரின் தலை, 16.5 மி.மீ. உயரம், ஃபேனின் அடியில் இடிக்கும். 30 × 30 × 10 போதும். ஸ்க்ரூ இடைவெளி 24 மி.மீ. உள்ளுயரம் 24 என்பதால் ஃபேனின் அடிக்கும் ப்ராசஸர் மேல் ஒட்டிய 6 மி.மீ. ஹீட்சிங்கின் (சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகத் துண்டு) உச்சிக்கும் நடுவே 5 மி.மீ.க்கு மேல் கிடைக்கும். ஃபேனில் ஸ்டிக்கர் ஒட்டிய முகம்தான் காற்று வெளியேறும் முகம்; அது ஹீட்சிங்கைப் பார்க்க வேண்டும்.

உள்ளே வந்த காற்றுக்கு வெளியே போக வழி வேண்டும். 28 மி.மீ. வாயிலிருந்து நடு மோட்டாரின் 16 மி.மீ. வட்டத்தைக் கழித்தால் ஏறக்குறைய 415 சதுர மி.மீ. ஜி.பி.ஐ.ஓ. பக்கச் சுவரில் 2 × 18 மி.மீ. பிளவுகள் 12, நாலு மி.மீ.க்கு ஒன்று: 432. இது குறைந்தால் ஃபேன் சுற்றும், சத்தம் போடும், சூடு குறையாது. ஃபேனின் வாயில் தேன்கூடு மாதிரி நுணுக்கமான வலை அச்சிடுவதும் அதே விளைவைத் தரும். இரண்டு குறுக்குக் கம்பிகள் போதும், அவையும் 1.6 மி.மீ. அகலத்தில்.

இழையும் அச்சும்

பி.எல்.ஏ. 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கும். பெட்டிக்குள் காற்று அவ்வளவு சூடாகாது என்றாலும், ஸ்க்ரூவின் அழுத்தத்தில் இருக்கும் பி.எல்.ஏ. மிதமான சூட்டிலேயே மெல்ல நகர்ந்துகொடுக்கும். கொஞ்ச காலத்தில் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். பெட்-ஜி என்ற இன்னொரு இழை 80 டிகிரி வரை தாங்கும், வளையும், ஒடியாது. இதற்கு அதுவே பொருத்தம். ஏ.பி.எஸ். இன்னும் சூடு தாங்கும், ஆனால் மூடிய அறை இல்லாத பிரிண்டரில் 90 மி.மீ. அடித்தட்டின் மூலைகள் தூக்கிக்கொள்ளும். கார்பன் இழை கலந்தவற்றை ஒதுக்கிவிடலாம்: வைஃபை ஆன்டெனா போர்டிலேயே, ஜி.பி.ஐ.ஓ.-வின் முதல் பின் இருக்கும் மூலையில் இருக்கிறது, கார்பன் சிக்னலை விழுங்கும்.

பெட்-ஜிக்கு நாசில் (உருகிய இழை வெளிவரும் முனை) 240 டிகிரி, அச்சுப் படுக்கை 80 டிகிரி, லேயர் 0.2 மி.மீ. 0.4 நாசிலிலேயே கோட்டின் அகலத்தை 0.5 என்று வைத்தால் 2 மி.மீ. சுவர் சரியாக நாலு கோடுகளாகவும், பள்ளம் விழுந்த 1 மி.மீ. சுவர் இரண்டு கோடுகளாகவும் வரும். 0.45 என்றால் நடுவில் 0.2 மி.மீ. மிஞ்சி, சில ஸ்லைசர்களில் (வடிவத்தை லேயர்களாக வெட்டித் தரும் மென்பொருள்) அது வெற்றிடமாகவே நின்றுவிடும். சுவரை அழுத்தினால் நெறுநெறுக்கும். முதல் லேயர் நசுங்கி வெளியே பிதுங்குவதை ஈடுகட்ட இரண்டு பாகங்களின் அடி விளிம்பிலும் 0.5 சாய்வெட்டு. வழுவழுப்பான பி.இ.ஐ. தகட்டிலோ கண்ணாடியிலோ பெட்-ஜி ஒட்டினால் தகட்டையே பெயர்த்துக்கொண்டு வரும். சொரசொரப்பான தகடு வேண்டும், இல்லாவிட்டால் பசைக் குச்சியை ஒரு பூச்சு தடவ வேண்டும்.

தூண்களுக்கு நடுவே சிலந்தி நூல் படர்ந்தால் அமைப்பைத் திருகுவதற்கு முன் இழையை 65 டிகிரியில் நாலைந்து மணி நேரம் காயவைக்க வேண்டும். ஈரம் ஏறிய பெட்-ஜி நாசிலில் படபடவென்று பொரியும், காதாலேயே தெரியும்.

இரண்டு பாகங்களுக்கும் சேர்த்து 50 முதல் 55 கிராம், 1.75 மி.மீ. இழையில் ஏறக்குறைய 17 மீட்டர். முழுதாக அச்சிடும் முன் தட்டை முழுசாகவும், மூடியில் பிளவை ஒட்டிய கடைசி 8 மி.மீ. பட்டையை மட்டும் தனியாக வெட்டியும் அச்சிட்டுப் பார்க்கலாம். ஜன்னல் தவறுகள் எல்லாம் அந்தப் பட்டையிலேயே அகப்பட்டுவிடும்.

இன்சர்ட், பூட்டுதல், வயரிங்

இன்சர்ட்டுக்கான துளை அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், 3.2-க்கும் 3.5-க்கும் நடுவே இருக்கும். ஒரு சின்னத் துண்டில் 0.1 வித்தியாசத்தில் நாலு துளை அச்சிட்டுப் பதித்துப் பார்ப்பதே நம்பகமானது. சால்டரிங் அயர்ன் 245 டிகிரி. அயர்னின் எடையே பெரும்பாலும் போதும், தள்ளினால் தூண் கோணும். அரை மி.மீ. மிச்சமிருக்கும்போது அயர்னை எடுத்துவிட்டு, தட்டையான உலோகப் பட்டையால் அழுத்திப் பிடித்தால் நேராக நின்று ஆறும். தூணின் நுனியைவிட 0.2 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். வெளியே துருத்தினால் பித்தளை போர்டில் உரசும். ரொம்ப உள்ளே போனால் ஸ்க்ரூ அதைத் துளையை விட்டு வெளியே இழுக்கும்.

ஃபேனை மூடியோடு பிடிக்க எம் 2.5 × 16 ஸ்க்ரூவும் நட்டும் நாலு. வயர் 8 முதல் 10 செ.மீ. இருந்தால் மூடியைப் பக்கத்தில் திறந்து வைக்க முடியும். எப்போதும் சுற்றினால் போதுமென்றால் 4-ஆம் பின்னில் 5 வோல்ட், 6-ஆம் பின்னில் தரை (கிரவுண்ட்). சூடானால் மட்டும் சுற்ற வேண்டுமென்றால் அடுத்திருக்கும் 8-ஆம் பின், அதாவது ஜி.பி.ஐ.ஓ. 14, கட்டுப்பாட்டுக்கு. அதில் ஃபேனை நேராக இணைத்தால் பின் எரிந்துபோகும். அது தாங்குவது 16 மில்லி ஆம்பியர், ஃபேன் இழுப்பது நூற்றுக்கு மேல். ஆகவே இடையில் ஸ்விட்சாக எஸ் 8050 போன்ற ஒரு என்.பி.என். டிரான்சிஸ்டர், அதன் பேஸுக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஃபேனுக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு டையோடு. பிறகு ராஸ்பெரி பை அமைப்புக் கருவியில் ஃபேன் பகுதியில் 14-ஐயும் 60 டிகிரியையும் கொடுத்துவிட்டால் முடிந்தது. மூன்று வயர் ஃபேனின் மூன்றாவது வயர் பெரும்பாலும் சுற்று வேகத்தைச் சொல்வதற்கு, கட்டுப்படுத்த அல்ல.

ஸ்க்ரூக்களை மூலைக்கு மூலை மாற்றி, தலை குழியில் தொட்டதும் கால் சுற்று மட்டும். நாலு கோர்களுக்கும் முழு வேலை கொடுத்து இருபது நிமிடம் வெப்பநிலையைக் கவனிக்க வேண்டும். 80 டிகிரியைத் தொட்டால் ப்ராசஸர் தானாக வேகத்தைக் குறைக்கும். காற்று வழி சரியாக இருந்தால் அதற்கு வெகு கீழேயே நிற்கும். ஏறிக்கொண்டே போனால் முதலில் ஃபேன் கவிழ்ந்து மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதே கோப்பை ராஸ்பெரி பை 5-க்கு மாற்றுவது பெரிய வேலையில்லை. ஸ்க்ரூ துளைகள் அதே இடத்தில்தான். ஈதர்நெட் எதிர்முனைக்கு, 10.2 மி.மீ. கோட்டுக்குப் போய்விட்டது, யு.எஸ்.பி. ஜோடிகள் 29.1-இலும் 47-இலும். ஒரே ஜன்னல் வைத்ததன் லாபம் இங்கே தெரியும்: ஈதர்நெட்டுக்காக மேல் விளிம்பில் இறக்கிய படியை மறுமுனைக்கு மாற்றி, ஜன்னலை அரை மி.மீ. நகர்த்தினால் சரி. ஆடியோ ஜாக் இல்லாததால் அந்தத் துளையை அடைத்துவிடலாம். எஸ்.டி. கார்டு பக்கத்தில் பவர் பட்டன் புதிதாக வந்திருக்கிறது, அதற்கு ஒரு குச்சி நுழையும் துளையாவது வேண்டும். ஃபேனுக்கு நாலு பின் சாக்கெட் போர்டிலேயே இருப்பதால் டிரான்சிஸ்டர் வேலை மிச்சம், ஆனால் அதற்கு ஏற்ற பிளக் உள்ள நாலு வயர் ஃபேனாகப் பார்த்து வாங்க வேண்டும்.